சோப்புப் படாத விரல்

எங்கள் அம்மாவுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. எண்ணூர் கழிமுகத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். அந்தப் பறியில் விழுந்த இறால்தான் என்னைப் படிக்கவைத்தது. இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சட்டை கசங்காமல் வேலை பார்க்கிறேன்.

ஓட்டுப் போடுவதென்றால் அவளுக்குத் திருவிழா. பள்ளிக்கூடக் கதவு திறக்கும் முன்பே முதல் ஆளாக நிற்பாள். விரலில் வைத்த மை சீக்கிரம் போய்விடக் கூடாதென்று ஒரு வாரம் அதில் சோப்புப் படாமல் பார்த்துக்கொள்வாள். நான் கிண்டல் செய்தால், "கம்பெனி மொதலாளியும் நானும் அங்க ஒரே லைன்லதான்டா நிக்கணும்" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்து படிந்தது. அம்மாவின் கை முழங்கை வரை தார் பூசியதுபோல் கறுத்துப்போனது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை நான்தான் சொன்னேன்: "இப்டியேவா அவுங்க முன்னாடி நிப்ப? கலீஜா கீது, கழுவிகினு வா." மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

வந்தவர் படகு எண் கேட்டார். வலை இருக்கிறதா என்று கேட்டார். "கையாலதான் சார் புடிக்கிறேன்" என்று கையை நீட்டினாள். சுத்தமான கை. அவர் எதிர்வீட்டுக்காரரின் படகைப் போட்டோ எடுக்கப் போய்விட்டார். இரண்டு வருடமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்த படகு அது. ஆனால் அதன்மேல் எண்ணெய் இருந்தது.

நிவாரணப் பட்டியலில் எதிர்வீட்டுக்காரர் பெயர் வந்தது, அம்மாவின் பெயர் வரவில்லை. மூன்று மனு எழுதிக்கொடுத்தேன், பதில் இல்லை. அம்மா யாரையும் திட்டவில்லை. என்னையாவது திட்டியிருக்கலாம்.

அடுத்த தேர்தலன்று வெயில் ஏறிய பிறகும் அவள் கிளம்பவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னாமா, லைன் பெர்சாயிடும்" என்றேன்.

"நீ போய்ட்டு வா நைனா. அந்த லிஸ்ட்ல இல்லாத பேரு, இந்த லிஸ்ட்ல மட்டும் இருந்து இன்னா ஆவப்போவுது?"

தனியாகப் போய் வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. மை வைத்த விரலை மடியில் மறைத்துக்கொண்டேன். அவள் சோறு போட்டபடியே சொன்னாள்: "அதுல சோப்பு படாம பாத்துக்கோ. சீக்கிரம் பூடும்."