எட்டாவது கொண்டி

ரோலிங் ஷட்டர் பழுது பார்ப்பது என் தொழில். புதிதாகக் கடை வைப்பவன், முன்பு இருந்தவன் பூட்டு தொங்கவிட்ட கொண்டியைத் தொடமாட்டான். தோற்றவன் கைபட்டதாம். அதை அறுத்துவிட்டு வேறொன்று வெல்டிங் வைக்கச் சொல்வான். அறுத்த இடத்தில் தழும்பு நிற்கும். இந்த மடையர்களால்தான் எனக்கு இத்தனை வருஷம் சோறு.

எல்லோர் கைக்கும் செல்போன் வந்துகொண்டிருந்த சமயம். மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தோடு என் மனைவியின் தம்பி வந்தான். அந்த மில் கேன்டீன் டீயை ஒரு தடவை குடித்திருக்கிறேன், கழுநீர். அது போகட்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ரீசார்ஜ் கடை வைக்கப்போகிறானாம். அந்தத் தெருக் கடைக்காரர்களை எல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

“பாத்திரக்கட முப்பது வருசம் மாமா. மருந்துக்கட பதினெட்டு. இங்க வச்சா நிக்கும்.”

“நிக்கிறவன மட்டும் கேட்டா நிக்கும்னுதாண்டா சொல்லுவான். போனவன கேட்டியா?”

“போனவன எங்க போயி தேடறது?”

அவன் பார்த்து வைத்திருந்த கடைக்கே இழுத்துப்போனேன். ஷட்டரில் புது நீலப் பெயிண்ட். அவன் கையைப் பிடித்து அடிப்பக்கம் தடவவைத்தேன். ஏழு தழும்பு. ஜெராக்ஸ், ஜூஸ், வளையல், கேசட் என்று ஏழு பேருக்கும் கொண்டி வைத்தவன் நான். ஒருவன்கூட அங்கே மூன்றாவது ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கவில்லை.

“அவனுங்களுக்கு யாவாரம் தெரியல மாமா.”

மில்லில் நூல் பிடித்த கைக்கு யாவாரம் தெரியுமாம். எட்டாவது கொண்டியை வைத்தேன்.

இரண்டாவது ஆயுத பூஜைக்கு முன்பே கடையை மூடினான். வேறு ஆள் வந்தால்தான் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் என்றார் கட்டடத்துச் சொந்தக்காரர். மில் பணத்தில் மிச்சம் அது ஒன்றுதான். தினமும் மூடிய கடை வாசலில் போய் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் கேக் கடைக்கு இடம் பார்க்க வந்தார். கொண்டி மாற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஏன் தம்பி காலி பண்றீங்க?”

“எனக்கு வெளியூர்ல வேல கெடச்சிருச்சிண்ணே. மத்தபடி ராசியான எடம்.” வாய் கூசாமல் சொன்னான்.

அவர் என்னைப் பார்த்தார். “பெரியவரே, நீங்க சொல்லுங்க.”

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் ஷட்டர்காரன். யாவாரத்தப் பத்தி எனக்கு என்னா தெரியும்?” என்றேன்.

மறுநாள் மதியம் என் மனைவி, தம்பியின் பணம் வந்துவிட்ட சந்தோஷத்தில், எனக்கு மீன் குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினாள். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.