பாதி வழியில் நின்ற அட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றியவர். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல். வீட்டில் ஃபோன் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். "ஏனுங்க, ஃபோன் எதுக்குங்க, சன்னலத் தொறந்துட்டுப் பேசுங்க" என்று கேலி செய்வேன். அந்தக் குரலைத்தான் நரம்பு நோய் முதலில் தின்றது. அப்புறம் கால், கழுத்து, இடது கை. மிச்சம் இருந்தது வலது கையில் கொஞ்சம் அசைவுதான். அதிலும் விரல் நடுங்கும்.

மூச்சும் குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார், ஆனால் அவருடைய சம்மதம் வேண்டும் என்றார் டாக்டர். நான் அவரிடம் கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். அது ஆமாம் என்று நானே வைத்துக்கொண்டேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணு சும்மாவும் மூடுமுங்கம்மா" என்றார்.

சேலம் அஸ்தம்பட்டியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர், டேப்லெட்டில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார். தண்ணீர், ஃபேன், வலி, வேணும், வேண்டாம் என்று படமும் எழுத்துமாக அட்டைகள் இருக்கும். ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து, கீழே உள்ள கட்டத்துக்கு இழுத்து வந்து விட்டால், டேப் அதைச் சத்தமாகச் சொல்லும். ஆனால் நடுங்குகிற விரலுக்கு அட்டை கிளம்பவே கிளம்பாது. கிளம்பினாலும் விரல் கொஞ்சம் எழும்பியதும் துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். ஒரு வாய்த் தண்ணீர் கேட்க முடியாமல் அவர் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சனியனைத் தூக்கி எறியப் போனேன்.

அந்த ஆப்பைச் செய்தவர்கள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஃபோன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். எடுத்த தம்பி முழுதும் கேட்டுவிட்டு, "நான் நேர்ல வாரனுங்கக்கா, அண்ணன் வெரலப் பாக்கோணும்" என்றார். சொன்னபடியே அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் லேப்டாப்போடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்ததும் அந்தத் தம்பி, என் வீட்டுக்காரரின் விரல் நடுங்குவதையே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து ஆப்பை மாற்ற ஆரம்பித்தார். இனி தொட்டவுடனே அட்டை விரலோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் விரலை எடுத்தாலும் ஓடாது, விட்ட இடத்திலேயே நிற்கும். இளைப்பாறிவிட்டு மறுபடி இழுக்கலாம். கட்டத்தை நெருங்கினாலே போதும், கட்டம் உள்ளே வாங்கிக்கொள்ளும். நான் கேட்டதற்காகக் 'குழாய்' என்றும் ஓர் அட்டை செய்து வைத்தார்.

"குழாய் வெச்சுக்கலாமுங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். விரல் நகர்ந்தது. 'குழாய்' என்றது டேப். அடுத்து, 'வேண்டாம்' என்றது.

திரும்பிப் பார்த்தால், 'வேண்டாம்' அட்டையின் இடமே கட்டத்தை ஒட்டித்தான் இருந்தது. "அவரு சொல்லல தம்பி, உங்க கட்டந்தான் இழுத்துப் போட்டுருச்சு" என்றேன்.

"இருக்கலாமுங்கக்கா. 'வேணும்', 'வேண்டாம்' ரெண்டையும் சம தூரத்துல வெச்சுப் பாக்கலாம்."

"சம தூரமெல்லாம் ஒண்ணும் ஆகாது. 'வேணும்' கட்டத்துக்குக் கிட்டக்க இருக்கட்டும். 'வேண்டாம்'ங்கறதத் தூக்கி மேல மூலைல வெய்யுங்க."

அந்தத் தம்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே வைத்தார்.

மறுபடி கேட்டேன். 'குழாய்' வந்தது. பிறகு விரல், பக்கத்திலேயே இருந்த 'வேணும்' அட்டையைத் தாண்டி மேலே ஊர்ந்தது. மணிக்கட்டை இழுத்து இழுத்து மூலைக்குப் போய் 'வேண்டாம்' அட்டையைத் தொட்டுக் கீழே இழுத்தார். பாதியில் தெம்பு போய் விரல் எழும்பிவிட்டது. பழைய ஆப்பாக இருந்திருந்தால் அட்டை ஓடிப்போயிருக்கும். இப்போது நட்டநடுவில் நின்றது. அப்படியே நிக்கட்டும் சாமி, அப்படியே நிக்கட்டும் என்று எங்கள் ஊர் மலைமேல் இருக்கிற தெய்வத்தைக் கும்பிட்டேன்.

அவர் மூச்சு வாங்கினார். கொஞ்சம் இளைப்பாறினார். மறுபடி விரலை வைத்து இழுத்தார். 'வேண்டாம்' என்றது டேப்.

"அடப் பாவி மனுசா!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்தினேன். அந்தத் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றார். அந்தத் தம்பி என்ன பாவம் செய்தார்?

குழாய் வைக்கவில்லை. தை பிறப்பதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அவர் பேச வேண்டும், பேச வேண்டும் என்று முட்டிக்கொண்டேனே, நான் கேட்க நினைத்ததை மட்டும் அவர் பேச வேண்டும் என்றுதான் முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.