பார்க்காத சாவுக்குத் தாலி கழற்றவில்லை

1942ஆம் வருஷம் ஆனி மாதத்தில் நான் விதவை என்று ஊர் கூடி முடிவு செய்தது. அப்போது என் மகள் ரூத்துக்கு நடை பழகும் வயது. கர்த்தர் அந்த நாட்களில் என்னை எப்படித் தாங்கினார் என்பதை உங்கள் முன்னால் சொல்லவே நிற்கிறேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

என் கணவர் ஞானமுத்து ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். அங்கேதான் நாங்கள் இருவரும் ஆண்டவரை அறிந்து ஞானஸ்நானம் பெற்றோம். பிரசவத்துக்காக என்னைக் கப்பலேற்றி, அரிமளத்துக்குப் பக்கத்தில் இருந்த தம் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மகள் பிறந்தாள். அவர் வந்து பிள்ளை முகம் பார்ப்பதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்தது.

கப்பல் நின்றுபோனது. சனங்கள் காட்டுவழியாக, மலைவழியாக நடந்தே வருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். சித்திரையில் ஒருவர் இருவராக எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கால் வீங்கி, கண் உள்ளே போய், அடையாளமே தெரியாமல் வந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

ஆனியில் கீரமங்கலத்துச் சுப்பையா வந்தார். என் கணவரோடு அதே ஆலையில் இருந்தவர். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"காய்ச்சல்ல விழுந்துட்டாரும்மா. ஓடை ஓரமா படுக்க வச்சேன். கண்ணு தொறக்கல. எனக்கும் தூக்குற தெம்பில்ல. கூட வந்தவங்க போயிட்டாங்க. விட்டுட்டு வந்துட்டேன்."

"மூச்சு இருந்துச்சாண்ணே?" என்றேன்.

"தெரியலம்மா. நின்னு பாக்க எனக்குத் தைரியமில்ல."

என் மாமியார் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. "குலசாமிய விட்டுட்டுப் போனீங்களே, பாவி! எம்புள்ளைய வாரிக் குடுத்துட்டியே!" என்று என் மேல் மண்ணை அள்ளிப் போட்டார். நான் துடைக்கவில்லை. அவர் பிள்ளையை இழந்த தாய்.

கணவரின் அண்ணன் உறவுமுறையைக் கூட்டிக் கருமாதிக்கு நாள் குறித்தார். அன்று என் தாலியைக் கழற்றவேண்டும் என்றார். ஊரில் வேறு கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து எப்போதாவது வரும் உபதேசியாரும் அந்தச் சமயம் வரவில்லை. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குச் சொப்பனமும் இல்லை, தரிசனமும் இல்லை. உண்மையைச் சொன்னால், செத்திருப்பார் என்றுதான் என் மனமும் சொல்லிற்று. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் செய்யும்படி விடாதேயும். நிற்கப் பெலன் தாரும்."

மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் இருக்கும்போதே முற்றத்துக்குப் போனேன். எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

"அவரு செத்திருந்தா ஆண்டவர்கிட்ட போயிருக்காரு. நானும் அழுவேன். ஆனா மூச்சு நின்னதப் பாத்தவங்க யாருமில்லீங்க. பாக்காத சாவுக்கு நான் தாலி கழட்ட மாட்டேன்."

"அப்ப இந்த வீட்டுல ஒனக்கு எடமில்ல" என்றார் கணவரின் அண்ணன்.

பிள்ளையோடு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். தனி அடுப்பு. தெருவில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல், ஊறவைத்த புளியங்கொட்டையை வேகவைத்துக் கொடுத்த நாளும் உண்டு. ஆனாலும் அந்தக் கொட்டகையில் என் ஜெபம் எனக்குத் திரும்பி வந்தது.

கருமாதி நெருங்கியது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. என் மாமியார், கையில் கஞ்சிச் சட்டியோடு நின்றார். பிள்ளைக்கு ஊட்டினார். பிறகு ஞானஸ்நானத்துக்கு முந்தின என் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"செல்லம்மா, அவன் இருக்கான்னு நெசமாவே நெனைக்கிறியா?"

"தெரியல அத்தை. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கும் சேத்துக் கேளு. எனக்கு ஒன் சாமிகிட்டப் பேசத் தெரியாது."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். அவர் அழுதார். விடிந்ததும் பெரிய மகனிடம் போய், "எம்புள்ளைக்கு யாரும் எள்ளுந்தண்ணியும் எறைக்க வேணாம். பெத்தவ நான் சொல்றேன்" என்றார். கருமாதி நின்றது. என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். என் ஜெபத்துக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

கார்த்திகை மழை விட்ட ஒரு மத்தியானம், வாசலில் மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரர் ஓர் எலும்புக்கூட்டைக் கைத்தாங்கலாக இறக்கினார். நான் யாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார்தான் முதலில் அடையாளம் கண்டார். "ஐயோ, எங்கண்ணு!" என்று ஓடினார். நான் நின்ற இடத்திலேயே ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றேன்.

ஓடை ஓரத்தில் கிடந்தவரை, விறகு பொறுக்க வந்த மலைசாதிக்காரர் ஒருவர் தம் குடிசைக்குத் தூக்கிப் போயிருக்கிறார். பாஷை தெரியாத அந்த மனிதர் பல வாரங்கள் கஞ்சி ஊற்றி, பிறகு அகதிகள் முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தினமும் பெயரில்லாமலே அவருக்காக ஜெபிக்கிறோம்.

ஆனால் காய்ச்சல் என் கணவரின் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. மகள் முதன்முதலாக "அப்பா" என்று கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. மாமியார் அவர் முகத்தைப் பிள்ளை பக்கம் திருப்பினார். பிள்ளையின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். அன்று வீட்டில் எல்லாரும் அழுதோம்.

நடக்கத் தெம்பு வந்ததும் கீரமங்கலம் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சுப்பையா இவரைக் கண்டதும் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் அவரைத் தூக்கி நிறுத்தி, "நீயும் சாகத்தானய்யா கெடந்த. ஒன்மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். காது கேளாததால் குரல் பெரிதாக வந்தது. தெருவெல்லாம் கேட்டது. அதுவும் நல்லதுதான்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. கணவரின் அண்ணன் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. மாமியார் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனால் சாயங்கால ஜெபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லுகிறார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னைப்போலவே அழுது கேட்டவர்கள்தான். எனக்குக் கொடுத்ததை அவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அதற்காக என் நன்றியை மறைக்கவும் முடியாது. ஆனால் கணவர் திரும்பி வருமுன்னே, வருவார் என்று தெரியுமுன்னே, அந்தக் கொட்டகையில் கர்த்தர் என்னோடு இருந்தார். அதைச் சத்தியமாகச் சொல்லுவேன். இன்று யாராவது என்னைப்போல் தனியே நிற்கிறீர்களா? கேட்டது கிடைக்காவிட்டால், நிற்கப் பெலனையாவது கேளுங்கள். அதைக் கொடுக்க அவர் தாமதிக்கிறதில்லை.