பெரிய வியாழனுக்கு வந்த கால்

தொமித்திலாவைப் பற்றி எங்கள் கோயில் பங்கில் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோயிலுக்கு எதிரே சோளமாவில் புப்புசா சுட்டு விற்பவள். வாய் நீளம். பூசைக்குப் பாதியில்தான் வருவாள். நாங்கள் அப்படியில்லை. பக்தசபைப் பெண்கள் ஒன்பது பேரும் தவக்காலம் முழுக்க வாரம் ஒரு கூட்டம் போட்டு, மனிதன் கடவுளின் சாயல் என்று படித்தோம். படித்து முடித்ததும் கேக் சாப்பிட்டோம்.

அந்த வருடம் சந்தை மூலையில் கிடந்த நிக்கானோருக்குக் கால் அழுகிக்கொண்டிருந்தது. சர்க்கரை. சாந்தா ஆனா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆள் தேறமாட்டான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். நாற்றத்துக்குப் பயந்து பஸ்காரர்கள் ஏற்றவில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை தொமித்திலா வந்து பங்கின் பிக்கப் வண்டியைக் கேட்டாள். வண்டியில் சப்பரத்துக்குப் பூ ஏற்றவேண்டும், சனிக்கிழமை பார்க்கலாம் என்றாள் எங்கள் தலைவி ஹெர்லிந்தா அம்மாள். ஆண்டவரே மூன்று நாள் கல்லறையில் இருந்தாராம். நிக்கானோர் நாலு நாள் பொறுத்தால் என்ன. நானும் தலையாட்டினேன்.

பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதிரியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியதும் நாங்கள்தான். எல்லாம் கடைக்காரர்கள், வாத்தியார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். இதில் மருந்துக்கடைக்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட, ஒரு நாற்காலி காலி.

பாதிரியார் கிண்ணத்தோடு பீடத்திலிருந்து இறங்கும்போது, தொமித்திலா நிக்கானோரைத் தோளில் சாய்த்து இழுத்துவந்து அதில் உட்காரவைத்தாள். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள். முன்வரிசைக் கைக்குட்டைகள் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போயின.

“ஏண்டி, இந்த அசிங்கத்தப் பீடத்துக்கு முன்னால கொண்டாந்து வைக்கிறியே, வெக்கமா இல்ல?” என்றாள் ஹெர்லிந்தா அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“கழுவறதுக்குத்தானக்கா கால் கேட்டீங்க. மத்த பதினோரு பேரும் கழுவிட்டுல்ல வந்திருக்காங்க.”

பாதிரியார் நிக்கானோரின் நல்ல காலில் இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டு நிமிர்ந்தார். தொமித்திலா அவர் காதருகே குனிந்தாள். முன்வரிசை என்பதால் எனக்கும் கேட்டது.

“அது இல்ல சாமி, இந்தக் காலு. முடியலன்னா விடுங்க. வண்டிச் சாவியக் குடுங்க.”

கொடுத்தார். இரக்கத்தால் அல்ல, நாற்றம் வெளியே போனால்தான் அடுத்த பாட்டு தொடங்கமுடியும். கோயில்பிள்ளை வண்டியிலிருந்த பூவையெல்லாம் தெருவில் இறக்கிவிட்டு, நிக்கானோரை ஏற்றி ஓட்டிக்கொண்டு போனார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செவ்வாயன்றே கொண்டுவந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றாராம் டாக்டர். ஈஸ்டர் கழிந்து எங்கள் சபை கூடியபோது, வாடிப்போன பூவைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம். இனிமேல் பன்னிரண்டு கால்களையும் முதல் நாளே பார்த்துவிடுவது என்று தீர்மானம் போட்டோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

நிக்கானோர் இப்போது தொமித்திலாவின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புப்புசாவோடு வைக்க முட்டைக்கோஸ் நறுக்குகிறான். பெரிது பெரிதாக நறுக்குகிறான் என்று அவள் நாள் முழுக்கத் திட்டுகிறாள். அவனும் சளைக்காமல் திருப்பித் திட்டுகிறான். ஹெர்லிந்தா அம்மாள் அங்கே வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.