மச்சினனின் பேஸ் பொக்ஸ்

என் லொறியோடு வந்த கொம்பனி ரேடியோவை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். செய்தி கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம், போனை இணைத்துவிட்டால் போனில் இருப்பதையும் அது பேசும். ஒரு மனுசனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பல்லேபொலப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குப் போடுகிறவன் நான். கச்சேரி வைக்கவா லொறி ஓட்டுகிறேன்?

என் மனைவியின் தம்பிக்கு மட்டும் அந்த ரேடியோவைக் கண்டாலே சிரிப்பு. "மச்சான், ஒங்க லொறில பாட்டுக்குத் தடுமல் புடிச்சிருக்குங்க. மூக்காலயே பாடுது," என்பான். அவன் இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்துகொண்டு த்ரீவீலர் ஓட்டினான். அதன் பின் சீட்டுக்கு அடியில், பாட்டின் அடிச்சத்தத்தை இடியாக எழுப்புகிற ஸ்பீக்கர் பெட்டி, ஒரு பேஸ் பொக்ஸ் வைத்திருந்தான். அவன் எங்கள் வீட்டுக்கு வருவது வளைவிலேயே தெரிந்துவிடும். முதலில் எங்கள் அலுமாரியில் கோப்பைகள் நடுங்கும், பிறகுதான் வண்டி தலை காட்டும்.

"ஏன்டா, ஊருக்கே காது போகணுமா? அணைச்சுத் தொலைடா!" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போவேன். அவன் என் கையை இழுத்துப் பொக்ஸின் மேல் வைப்பான். "இது காதால கேக்குறது இல்ல மச்சான். கைய வச்சுப் பாருங்க." போடா இவனே என்று கையை உதறிக்கொள்வேன். உள்ளங்கை கொஞ்ச நேரம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதை அவனிடம் சொன்னதில்லை. திட்டுவதில் அவனுக்கே அது தெரிந்திருக்கும்.

போன பெருமழையில் அந்த லயத்தின் மேல் மலை இறங்கிவிட்டது.

அன்று காலையில் என் மனைவி அவனுக்குப் போன் எடுத்து எடுத்துப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை. "எறங்கி வந்துருடா" என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவனும் அதே மாதிரி பேசி ஒரு பதில் அனுப்பினான். "அக்கா, ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, வெட்டிக்கிட்டு இருக்காங்க. எங்களுக்கு..." என்று சொல்லி நிறுத்தியிருந்தான். கொஞ்சம் இடைவெளி. பிறகு, "ஒன்னுமில்லக்கா, மழதான். பகலைக்கு வந்துருவேன். எனக்கும் சேத்து ஆக்குங்க." அவ்வளவுதான். அவள் அவனுக்கும் சேர்த்துச் சோறாக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து மூடிவைத்தாள். மண்ணுக்குள்ளிருந்து அவனை எடுத்தபோது மழை முழுதாக விட்டிருந்தது.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். அவனுக்கு ஒன்னுமே தெரிஞ்சிருக்காது." என் மனைவி அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள். அதில்தான் அவள் எழுந்து நடந்தாள், சாப்பிட்டாள், என்னோடு மறுபடி மிளகு வாங்கவும் வந்தாள். லொறியில் ஏறியதும் போனை ரேடியோவில் இணைத்துத் தம்பியின் குரலைப் போடுவாள். ஒரு நாளும் தவறாது. இடைவெளி வரும்போது லேசாகச் சிரிப்பாள். "பாருங்க, பேசும்போதே தேத்தண்ணிய உறிஞ்சுறான். அவனுக்கு எப்பவும் அதே பழக்கம்." நானும் ஆமாம் என்பேன். பிளேன் டீயும் கையுமாக லயத்து வாசலில் அவன் நிற்பது எனக்கும் தெரிந்தது.

அவனுடைய த்ரீவீலர் கீழே ரோட்டில் நின்றதால் தப்பியது. அதை வாங்க வந்த பெரியவர், "இந்த இடிபெட்டி எனக்கு வேணாம், கழட்டிக்கிட்டுக் குடுங்க," என்றார். பொக்ஸை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். என் மனைவி அதை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இது ஒங்க லொறில இருக்கட்டுங்க. அவன் ஆசப்பட்டான்ல."

பலாபத்வலவில் வாகனங்களுக்கு ரேடியோ செட் பூட்டுகிற முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். தனியாக அவரிடம் கொண்டுபோனேன். புது செட் போடச் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராகவே போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "கொம்பனி செட்டு இருக்கட்டும் தம்பி. அதுல பொக்ஸுக்குன்னு தனி லைன் கெடையாது. கதவு ஸ்பீக்கருக்குப் போற வயர்ல இருந்தே எடுத்துக் குடுப்போம்," என்றார். அந்த வயரில் கிளை எடுத்து, கைக்கடக்கமான ஒரு பெட்டி வழியாக, பொக்ஸோடு வந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். பற்றரியிலிருந்து பியூஸ் வைத்துத் தடித்த வயர் ஒன்று இழுத்தார். சீட்டுக்குப் பின்னால் பொக்ஸை இறுக்கினார். பேஸைக் கூட்டிக் குறைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ்.

பாட்டுப் போட்டோம். அடேயப்பா! என் கிழட்டு ரேடியோவுக்குத் தடுமல் விட்டுப்போயிருந்தது. முதுகில் யாரோ தட்டிக் கொடுப்பது மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன், கண்ணும் கலங்கிவிட்டது. அவன் பொக்ஸில் அவனே ஒரு தடவை பேசட்டும் என்று தோன்றியது. பத்திரத்துக்காக என் மனைவி அந்தக் குரலை என் போனுக்கும் அனுப்பி வைத்திருந்தாள். போட்டேன்.

"எங்களுக்கு..." என்று அவன் நிறுத்தியதும், எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய அம்மிக்கல்லை யாரோ சிமெந்துத் தரையில் இழுக்கிற மாதிரி, அடியில், நீளமாக. அவன் "மழதான்" என்று சொல்லும்போதும் அது இழுபட்டுக்கொண்டே இருந்தது.

"எர்த் சரியில்ல போல," என்று நானா வயரைக் கழற்றி, இரும்பைச் சுரண்டி, மறுபடி பூட்டினார். வேறு ஆட்கள் பேசி அனுப்பியதைப் போட்டுப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. மறுபடி அவன் குரல். மறுபடி அந்தச் சத்தம், அதே இடத்தில். குமிழைக் குறைத்தால் குரல் மட்டும். கூட்டினால் குரலுக்கு அடியில் அது. நானாவுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு குமிழைக் கடைசிவரை குறைத்துவைத்தார். "தங்கச்சிக்கு இது கேக்க வாணாம் தம்பி," என்றார்.

அவன் தேநீர் குடிக்கவில்லை. மேலே மலை நகர்வதை நின்று கேட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து என் பிழைப்பு நாய்ப் பிழைப்பாகிவிட்டது. மனைவி லொறியில் ஏறுமுன் குமிழைக் குறைத்துவிடுவேன். "பொக்ஸ் போட்டும் தடுமல் போகலையே?" என்று அவன் மாதிரியே கேட்டாள். "பியூஸ் போயிருச்சு, நானா ஊர்ல இல்ல," என்று எரிந்து விழுந்தேன். அவள் இல்லாத நேரம் நானே அதைப் போட்டுக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை. மழையில் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கினால் லொறியை ஓரங்கட்டி, இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருசம் ஓடிய ரோட்டில் பயந்து பயந்து ஓடினேன்.

ஒரு பகல், பல்லேபொலவில் மிளகு மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பின்னால் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கப் பலகையில் வைத்திருந்த என் கை திடீரென்று குறுகுறுத்தது. அது என்னவென்று கைக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன்.

குமிழ் கடைசிவரை கூட்டியிருந்தது. அவள் சீட்டில் திரும்பி, பொக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். குரல் முடிந்திருந்தது. மறுபடி போட்டாள். நான் அணைக்கப் போன கையைத் தட்டிவிட்டாள்.

"தேத்தண்ணி இல்லைங்க," என்றாள்.

நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"கேட்டிருக்கான் பாருங்க. கேட்டுட்டுத்தான் என்னையச் சோறாக்கச் சொல்லிருக்கான். பாவி! அந்த நேரத்துல கால் இருந்துச்சுல்ல, ஓடிருக்கலாம்ல?" அப்படி ஒரு கோபத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"பூட்டின அன்னைக்கே. இப்பவே கழட்டிப் போடுறேன். வா, நானாகிட்டப் போவோம்."

"தொட்டீங்கன்னா பாத்துக்கங்க," என்றாள். "இவ்வளவு நாளும் அவன் சொன்னதுல பாதியத்தான் கேட்டிருக்கேன்."

வீடு வரும்வரை அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கப் போனவள் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பொக்ஸ் லொறியிலேயே இருக்கிறது. இப்போது தினமும் குமிழை அவளேதான் கூட்டுகிறாள். மரம் விழுந்து கிடக்கிறது என்கிறான். வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறான். "எங்களுக்கு..." என்று நிறுத்துகிறான். சீட்டுக்குப் பின்னால் அந்தக் கல் இழுபடத் தொடங்குகிறது. அவள் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓடுடா தம்பி, ஓடுடா," என்கிறாள். முதலில் முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். இப்போது ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன கிழமை நானும் கத்திவிட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டே, தொண்டை கிழிய, "ஓடுடா!"

"ஒன்னுமில்லக்கா, மழதான்," என்றான். "பகலைக்கு வந்துருவேன். எனக்கும் சேத்து ஆக்குங்க."