கடலை இல்லை என்று நான் எழுதிய பதில்

சென்ற வருடம் ஆடி மாதம், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எங்கள் வீட்டோடு சேர்ந்த பலகாரக் கொட்டிலில் நடந்தது இது. கொட்டில் என்று சொன்னாலும் சீமெந்துத் தரை, தகரக் கூரை, இரண்டு பெரிய அடுப்பு, ஒரு மா அரைக்கும் மெசின் எல்லாம் உண்டு. மனைவியும் அயலில் உள்ள இரண்டு பெண்களும் பலகாரம் செய்வார்கள். சாமான் வாங்குவது, பொதி கட்டுவது, பஸ்ஸில் ஏற்றிவிடுவது என் வேலை. அது போக எல்லோருக்கும் புத்தி சொல்வதும் என் வேலைதான். அதை மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

எங்கள் பயத்தம் உருண்டைக்கு ஊரில் நல்ல பெயர். வறுத்த பயற்றம் மா, சீனி, தேங்காய்ப்பூ, ஏலம் எல்லாம் எவரும் போடுவதுதான். மனைவி மட்டும் அதோடு ஒரு பிடி கச்சானை வறுத்துத் தூளாக்கிச் சேர்ப்பார். உருண்டை வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான். இதை நாங்கள் தொழில் இரகசியமாக வைத்திருந்தோம். சந்தையில் தினமும் என்னோடு தேநீர் குடிக்கிறவர்களுக்குக்கூட நான் மூச்சு விட்டதில்லை.

முகநூலில் ஒரு பக்கம் தொடங்கி, கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பத் தொடங்கியிருந்த நேரம். கனடாவில் இருக்கிற மைத்துனர் ஒருநாள் அழைத்து, "அத்தான், உங்கடை பலகாரம் நல்லம். ஆனால் நீங்கள் எழுதுறது தேர்தல் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு. ஒரு கொன்டென்ட் ரைட்டரைப் பிடியுங்கோ" என்றார். நம் பொருளைப் பற்றி நமக்காக அழகாக எழுதித் தருகிறவர்களுக்கு அப்படிப் பெயராம். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புவரை தமிழ் படித்தவன் நான். 'அகிலமெங்கும் புகழ் பரப்பும் அமுதினும் இனிய' என்று தொடங்கி மூன்று வரிக்கு மூச்சு விடாமல் எழுதுவேன். மனைவியிடம் முறையிட்டால், அவர் மா அரித்தபடியே, "அவன் சொல்லுறது சரிதான்" என்றார்.

எழுத ஆள் தேவை என்று பக்கத்தில் போட்டேன். நாலைந்து பேர் எழுதி அனுப்பினார்கள். ஒருவர், 'உங்கள் சருமத்துக்கு மென்மை தரும் பயத்தம் உருண்டை' என்று அனுப்பியிருந்தார். சவர்க்காரத்துக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் பாவம். கடைசியாக, சாவகச்சேரியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதிகள், அதாவது நிலப் பத்திரங்கள், எழுதும் வேலை. ஓய்வு நாட்களில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இப்படி எழுதிக் கொடுப்பாராம். தன்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணை, எழுதமுதல் ஒருக்கா வந்து பாக்கலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

வந்தார். உருண்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "பிறகு சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு, கொப்பியும் பேனையுமாக இருந்துவிட்டார். பயறு வறுப்பதிலிருந்து உருண்டை பிடிப்பது வரை அசையவில்லை. மனைவி வழக்கம்போல ஒரு பிடி கச்சான் தூளைப் போட்டதும், "எவ்வளவு அக்கா?" என்று கேட்டு எழுதினார். நான் மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் அளவையும் சொல்லிவிட்டார்.

எழுதி முடிக்க ஐந்து நாள் எடுத்தார். இரண்டு பந்திக்கு ஐந்து நாள்! "உந்த நேரத்துக்கு ஒரு உறுதியே எழுதி முடிச்சிருக்கலாம், தங்கச்சி" என்று தொலைபேசியில் சீண்டினேன். சிரித்தார். "ஒரு சொல்லுப் பிழைச்சால் உறுதியிலை வேலி மாறிப்போகும் அண்ணை. இதுவும் அப்பிடித்தான்."

மறுபடி வந்தபோது எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டினார். பெரிய சொல் ஒன்றும் இல்லை. 'பயறு வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அடுப்பைத் தணிக்கிறோம். வாசம் வந்த பிறகு தணித்தால் பிந்திவிடும்' என்று ஒரு இடம். மனைவி மாக் கையோடு அப்படியே நின்றார். இருபது வருடமாகக் காதால் கேட்டுத்தான் அடுப்பைத் தணிக்கிறார் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. தினமும் அந்த உருண்டைகளுக்கு நடுவே கிடக்கிற எனக்கே ஒன்று எடுத்துச் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

வாசித்ததோடு விடவில்லை. எங்களிடம் வேலை செய்யும் பெண் ஒருவரைப் பார்த்து, "அக்கா, இப்ப நான் வாசிச்சதை உங்கடை வாயாலை சொல்லுங்கோ பாப்பம்" என்றார். அவர் தடுமாறிய இடத்தில் வசனத்தை வெட்டி மாற்றினார். எனக்கு விசித்திரமாக இருந்தது. காரணம் கேட்டேன். உறுதியில் கையெழுத்து வாங்கமுதல் வாசித்து விளங்கப்படுத்த வேண்டுமாம். அவசரத்தில் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்களாம். "ஓம் எண்டு சொன்னால் விளங்கினதெண்டு அர்த்தம் இல்லை அண்ணை. திருப்பிச் சொன்னால்தான்."

கடைசி வரியில்தான் வந்தது வினை. 'இதில் ஒரு பிடி வறுத்த கச்சான் சேர்கிறது. கச்சானை நிலக்கடலை, வேர்க்கடலை என்றும் சொல்வார்கள்' என்று எழுதியிருந்தார்.

நான் துள்ளி எழும்பினேன். "உதை எழுதினால் நாளைக்குச் சந்தையிலை இருக்கிற எல்லாரும் கச்சானோடை நிப்பாங்கள். வெட்டுங்கோ!"

"சாப்பிடுற ஆளுக்குத் தெரியவேணும் அண்ணை. சில பேருக்கு ஒத்துவராது."

"கச்சான் ஆருக்கு ஒத்துவராது? கோயில் வீதி முழுக்க உதுதானே விக்கிறாங்கள்!"

அவர் மேலே வாதாடவில்லை. வரியை வெட்டவும் இல்லை. சரி, பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே அந்த வரியை மட்டும் நீக்கிப் பக்கத்தில் போட்டேன். பெட்டியில் ஒட்டும் துண்டிலும் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

எழுத்து வேலை செய்தது. இரண்டு நாளிலேயே பலர் கேட்டு எழுதினார்கள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா, பதிவின் கீழே, 'இதுல கடலை சேர்ப்பீங்களா?' என்று கேட்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கடலை என்றால் கொண்டைக்கடலை. அவித்துத் தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளிக்கிறோமே, அது. சில வியாபாரிகள் பயற்றம் மாவில் மலிவான கடலை மாவைக் கலப்பதும் உண்டு. ஆகவே என்னைக் கலப்படக்காரன் என்று சந்தேகிக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'அம்மா, எங்கள் உருண்டையில் கடலை ஒரு துளியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் எழுதினேன். உடனே ஒரு பெட்டி அனுப்பச் சொன்னார். அன்றைய கொழும்பு பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணி இருக்கும். எழுதித் தந்த பெண் வியர்க்க விறுவிறுக்கக் கொட்டிலுக்குள் வந்து நின்றார். விடிய எழும்பித்தான் என் பதிலைப் பார்த்திருக்கிறார். அதன் கீழேயே ஓர் எச்சரிக்கை எழுதியும் அந்த அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என்னை ஆறு தடவை அழைத்திருக்கிறார். என் தொலைபேசி வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. வேலைக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"அண்ணை, அந்த வரி எங்கை?"

நான் அவரைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த மாவை அளையத் தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும். வெள்ளவத்தை அக்காவுக்குப் பொதி போயிட்டுதோ?"

"ஓம். இப்ப கையிலை கிடைச்சிருக்கும்."

"உடனை எடுங்கோ. கச்சான் கிடக்கெண்டு சொல்லுங்கோ."

ஒரு பிடி கச்சானுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று முணுமுணுத்தபடி தொலைபேசியை எடுத்துவந்து அழைத்தேன். கையெல்லாம் மா. அதனால் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். மறுமுனையில் அந்த அம்மா சந்தோசமாகப் பேசினார். "பார்சல் இப்பதாங்க வந்துச்சு. பாப்பா பெட்டியப் பிரிச்சிட்டிருக்கா."

"அம்மா, ஒரு சின்ன விசயம். உருண்டையிலை கொஞ்சம் கச்சானும் போடுறனாங்கள். எழுதேக்கை விடுபட்டுப் போச்சு" என்றேன். அந்த நேரத்திலும் பொய்.

"கச்சானா? ஏதோ இந்த ஊர்ப் பொருளா இருக்கும், அது பரவாயில்லைங்க. எங்க பொண்ணுக்குக் கடலைதான் ஆகாது. அதான் முன்னாடியே கேட்டுக்கிட்டேன்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, கேட்டீரா என்கிற மாதிரித் தலையை ஆட்டினேன். அழைப்பைத் துண்டிக்க விரலையும் கொண்டுபோய்விட்டேன். அவர் பாய்ந்து தொலைபேசியைப் பறித்தார்.

"அக்கா, வைக்காதேங்கோ! நாங்கள் கச்சான் எண்டு சொல்லுறது நிலக்கடலை. வேர்க்கடலை. நீங்கள் கேட்ட அதே கடலைதான் அக்கா."

தொலைபேசி எதிலோ மோதி விழுகிற சத்தம். செருப்புச் சத்தம் ஓடுகிறது. எங்கோ தூரத்தில், "வாயில வைக்காத! கீழ போடு! கீழ போடு!" என்ற அலறல். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டார். எங்களிடம் வேலை செய்யும் பெண்கள் இருவரும் எழும்பி நின்றார்கள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் ஒன்று இருந்ததில்லை.

அந்த அம்மா திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. "கையிலதாங்க வெச்சிருந்தா. இன்னும் கடிக்கல. போன தடவ ஒரு சாக்லேட்ல இருந்த கடலைக்கே தொண்டை வீங்கி, மூச்சு நின்னு, மூணு நாள் ஆஸ்பத்திரியில..." பிள்ளையின் கையை நன்றாகக் கழுவச் சொன்னார் எழுதித் தந்த பெண். இருந்த பலகாரத்தை எல்லாம் மூடி வெளியே வைக்கச் சொன்னார். குரலில் பதற்றமே இல்லை.

அந்த அம்மா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, "கூப்பிட்டுச் சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றார். அந்த நன்றியை வாங்க எனக்கு வாய் வரவில்லை. "எனக்கில்லை அம்மா, இவவுக்குச் சொல்லுங்கோ. நான் அந்த வரியை வெட்டினவன்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிறகு மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எப்படிப் பிடிபட்டது என்று. சின்ன வயதில் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அகதி முகாமில் இருந்து எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்தவராம். "அங்கை கடலை எண்டால் எங்கடை கச்சான் அண்ணை. நான் கடையிலை போய்க் கச்சான் கேட்டு, கடைக்காரர் முழிச்சது இப்பவும் ஞாபகம் இருக்கு. அந்த அக்கா 'சேர்ப்பீங்களா' எண்டு எழுதியிருந்தவ. எங்கடை ஆக்கள் அப்பிடி எழுத மாட்டினம், இந்தியாவிலை இருந்து வந்த ஆக்கள்தான் எழுதுவினம். ஏன் கேக்கிறா எண்டு யோசிச்சன்."

ஏன் கேட்கிறார் என்று யோசித்தாராம். நானும் அதே வரியைத்தான் வாசித்தேன். எனக்கு அதில் தெரிந்தது என் மானம். அவருக்குத் தெரிந்தது ஒரு தாயின் பயம். அவர் அந்த அம்மாவைக் கண்டதும் இல்லை, பேசியதும் இல்லை. இப்படி ஒருவர் எங்கோ இருக்கலாம் என்று நினைத்து, ஐந்து நாள் இருந்து, அவருக்கும் விளங்கும்படி அந்த வரியை முன்பே எழுதி வைத்திருக்கிறார். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. எழுத்து என்றால் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னுடைய உயர்தரத் தமிழ் அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

அன்றே உருண்டை வாங்கிய ஒவ்வொருவரையும் அழைத்தோம். நான் பேச, அவர் பக்கத்தில் இருந்து, கச்சான் என்றால் என்ன என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். வெட்டிய வரி இப்போது பக்கத்தில் முதல் வரியாக இருக்கிறது. பெட்டியிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது. சந்தையில் இரண்டு பேர் இப்போது கச்சான் சேர்க்கிறார்களாம். சேர்க்கட்டும், ஆனால் எழுதிப் போடுங்கோ என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்தான் இன்றுவரை எங்களுக்கு எழுதித் தருகிறார். எத்தனை நாள் எடுத்தாலும் நான் வாய் திறப்பதில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பொதியைக் கட்டும்போதும் அந்தச் செருப்புச் சத்தம் ஓடுவது எனக்குக் கேட்கிறது. அந்தத் தாய் ஓடிப் பிள்ளையை எட்டும்வரை என் கை பொதியின் மேலேயே நின்றுவிடுகிறது.