கெண்டோ உடைக்கு அளவெடுத்த ஒரு வருடம்

தைத்த துணி முதல் முறையிலேயே உடம்பில் சரியாக உட்காரும் என்று நம்பி யாரும் தையல்காரரிடம் வருவதில்லை. தைக்கிற நாங்களும் நம்புவதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு முதல் நாள் வரை நடையாய் நடந்தவர்களே, உங்கள் கோபம் எனக்குத் தெரியும். அஸ்தம்பட்டியில் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கும் என் கடையில் முப்பது வருடமாக அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் ஒரு கெண்டோ வகுப்புக்கு உடை தைக்க ஒப்புக்கொண்ட பிறகுதான், ஜாக்கெட்காரர்களின் கோபம் எவ்வளவு இலேசானது என்று புரிந்தது.

எந்தப் பக்கம் மேலே

கெண்டோ என்பது மூங்கில் வாளை வைத்துப் பழகும் ஜப்பானியப் பயிற்சி. எங்கள் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நாமக்கல்காரர் ஒருவர் கற்றுக்கொடுக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வரவழைத்த உடை ஒருவருக்கும் பொருந்தவில்லை என்று, மாதிரிக்குத் தன் பழைய உடையைக் கொண்டுவந்தார். மேலே, பொத்தான் இல்லாமல் ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கத்தைப் போட்டு நாடாவால் கட்டும் சட்டை. கீழே ஹகாமா, பார்க்கப் பாவாடை, உள்ளே இரண்டு கால், முன்னால் ஐந்து மடிப்பு. கல்லூரியில் செய்யுள் படித்த எனக்கு அந்த ஐந்து மடிப்பும் சீர் பிசகாமல் விழுந்த ஓர் அடியைப் போலத் தெரிந்தன. அந்த மயக்கத்தில் சரி என்றுவிட்டேன்.

முதல் உடை மிதுனாவுக்கு. பதின்மூன்று வயது. அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்: பெங்களூரில் நடக்கும் தரத் தேர்வில் தேறினால் தொடரலாம், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன். தேர்வில் உடை ஒழுங்காக நிற்கிறதா என்றும் பார்ப்பார்களாம். அதனால் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். பெண்களுக்குத் தைக்கும் சட்டையில் வலப்பக்கம்தான் மேலே வரும். முப்பது வருடம் பழகிய கை, என்னைக் கேட்காமலே நாடாவை அப்படி வைத்துவிட்டது. அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாஸ்டர் குனிந்து நாடா முடிச்சைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்கம்மா, ஆணோ பொண்ணோ எடப்பக்கந்தானுங்க மேல வரோணும். இப்படிக் கட்டுறது அவங்க ஊர்ல பொணத்துக்குங்க."

இறக்கிவிட முடியாத மடிப்பு

அந்த வகுப்பில் வயதானவர் ஒருவர்தான். சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்ல, இவர் வாள் எடுத்துவிட்டார். ஹகாமாவை வயிற்றுக்குக் கீழே கட்ட வேண்டும். அளவு கொடுக்கும்போது வயிற்றுக்கு மேலே காட்டினார். கட்டும்போது கீழே கட்டினார். தரையில் புரண்டது. குறைத்துக் கொடுத்தேன், மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, கெண்டைக்கால் தெரிகிறது என்றார். மூன்று முறை பிரித்துத் தைத்தேன்.

கடைசியில் எப்படித்தான் நிற்கிறது என்று பார்க்க மண்டபத்துக்கே போனேன். ஐந்து மடிப்பையும் வாரி எடுத்து, வேட்டியைப் போல முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். ஏன் இப்படி என்றேன். "பழக்கமுங்க. எறக்கி உட்டா யாரோ பெரியவங்க எதுக்க வந்துட்டாப்புலயே இருக்குதுங்க."

வளர்கிற பிள்ளை

மிதுனாவின் சட்டை நாடாவை மாற்றியாயிற்று. அடுத்தது ஹகாமா. அவள் அம்மா திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்; பள்ளிச் சீருடையை மூன்று வருடம் வரும்படி தைக்கச் சொல்கிறவர். ஆறு அங்குலம் கூட வைக்கச் சொன்னார். விளிம்பு கணுக்காலைத் தொட்டு நிற்க வேண்டும், கூடினால் கால் விரல் மாட்டி விழுவாள் என்றேன். அப்படியானால் கூடுதலை உள்ளே மடித்து வைக்கச் சொன்னார். உள்ளே வைத்தால் விளிம்பு கனத்து மடிப்பு கத்தி போல நிற்காது. மிதுனா தேற வேண்டும் என்ற கவலை பாதி, என் கை வேலையின் கர்வம் பாதி. அவர் கண் முன்னாலேயே கூடுதல் துணியை வெட்டினேன்.

கத்தரி ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வளர்ற புள்ளைக்குத் துணிய வெட்டறவங்கள இப்பத்தானுங்கம்மா பாக்கறேன்."

இரண்டரை அங்குலம்

தேர்வைத் தள்ளிவைத்தார்கள். ஐந்து மாதம். குமாரபாளையத்துத் தறியில் வாங்கிய கெட்டித் துணி, நனைத்துக் காயவைத்துத்தான் தைத்திருந்தேன். அது ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. பெண்தான் வளர்ந்துவிட்டாள். பெங்களூருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அம்மாவும் மகளும் வந்தார்கள். கணுக்காலுக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டரை அங்குலம்.

குமாரபாளையத்துக்குப் போன் செய்தேன். அந்த நீலம் இப்போது தறியில் இல்லை என்றார்கள். வெட்டிய துண்டு எங்கே என்று தேடினால், அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். என் ஸ்டூலின் மெத்தைக்கு உறையாகத் தைத்திருந்தேன். அதைப் பிரித்து விளிம்பில் ஒட்டுப் போட்டேன். வாராவாரம் துவைத்து வெளுத்த ஹகாமாவின் அடியில், துவைக்காத துண்டு கருநீலக் கோடாக நின்றது. எவ்வளவு தேய்த்தும் அமுங்கவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹகாமாவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையே தேற்றினார்: "உடுங்கம்மா, தள்ளி நின்னு பாத்தா பார்டர் வெச்சாப்புலதான் இருக்குது."

முடிவு

மிதுனா தேறவில்லை. வீட்டில் கேட்கத் தைரியம் வராமல் மாஸ்டரைக் கேட்டேன். உடையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்றார். மூச்சு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாள் வீச்சில் தப்பா என்று கேட்டுவைத்தேன்.

"இல்லீங்கம்மா. எதுக்க நிக்கறவங்களப் பாக்கோணும். இவ குனிஞ்சு அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னுட்டாளுங்க."

பாவாடை

அடுத்த மாதம் அம்மா அந்த ஹகாமாவைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். பின்னால் டியூஷன் பையோடு மிதுனா. நல்ல துணி வீணாகிறது, வீட்டில் கட்டிக்கொள்ளப் பாவாடையாக்கித் தர வேண்டும் என்றார். நான் டேப்பை எடுத்தேன். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளக்கும்போது அவள் அசையாமல் நின்றாள். அளவெடுக்கும்போது கூச்சப்பட்டு நெளிகிற பெண் அவள்.

வாசலில் வண்டியை யாரோ நகர்த்தச் சொல்ல, அம்மா வெளியே போனார். அவள் குனிந்து என் காதருகே சொன்னாள்: "பாட்டி, வெட்டாதீங்க. மடிச்சு மட்டும் தைங்க."

இரண்டு காலாக்கும் நடுத்தையலைப் பிரித்தேன். ஐந்து மடிப்பையும் இடுப்புப் பட்டைக்குள் அப்படியே விட்டு, மிச்சத் துணியையெல்லாம் உள்பக்கம் திருப்பி, கையால் பெரிய பெரிய தையலாகப் போட்டேன். இழுத்தால் வந்துவிடும் தையல். பாவாடை கனத்தது. அந்த வாரமே வந்து கடையிலேயே கட்டிப் பார்த்தார்கள். அம்மா மகளைச் சுற்றி வந்து பார்த்தார், விளிம்பை இழுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. "என்னமோ கனமா இருக்குது, ஆனா இப்பத்தானுங்கம்மா அளவு சரியா உளுந்திருக்குது."

முப்பது வருடத்தில் முதல் முறையிலேயே சரியாக உட்கார்ந்த உருப்படி அது ஒன்றுதான், அதைப் பிரிக்கச் சொல்லி அந்தப் பெண் எப்போது வருவாள் என்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.